உங்களுக்குத் தெரியுமா? – நம்ம ஊர் மழையும் கடலின் உப்பும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடல் எட்டத்தில்தான். ஆனாலும் நம் தெருவில் வீசும் காற்றிலும் பெய்யும் மழையிலும் அதன் சூட்டுக்கும் உப்புக்கும் பெரும் பங்கு உண்டு.

● சென்னைக் கடலின் மேல்நீர் டிசம்பர், ஜனவரியில் சுமார் 26 முதல் 27 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 30. அப்போது நிலம் 40 டிகிரியில் கொதிப்பதால்தான் கடற்காற்று உள்ளே வருகிறது. எதிரே மேற்குக் காற்று பலமாக வீசினால், மெரினா குளிர்ந்த பிறகும் பூந்தமல்லியில் அனல் தணியாது.

● உலகக் கடல்களில் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. அரபிக்கடலில் அதைவிடக் கூடுதல். வங்கக் கடலில் குறைவு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் வந்து விழுவது இங்கேதான்.

● தென்மேற்குப் பருவமழை முடிந்ததும், வடக்கே சேர்ந்த ஆற்றுநீர் கரையோரமாகச் சுமார் 100 கிலோமீட்டர் அகலத்தில் தெற்கு நோக்கி ஓடிவருகிறது. இந்தியாவின் தென்முனையை எட்ட இரண்டரை மாதம் ஆகும். விஞ்ஞானிகள் இதைக் ‘கடலுக்குள் ஓர் ஆறு’ என்கிறார்கள்.

● இதைக் கண்டறிய உதவியவர்கள் மீனவர்கள்! கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்துக்காக, 2005 மே முதல், இந்தியக் கரையின் எட்டு இடங்களில் ஐந்து நாளுக்கு ஒருமுறை முழங்கால் ஆழத்தில் நின்று கடல்நீரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதன் முடிவுகள் 2014இல் வெளியாயின.

● நம் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். கோடையை ஒட்டி வடக்கே போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே வரும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கடலில் உப்பு குறைகிறது.

● உப்புக் குறைந்த நீர் எடை குறைவு, மேலேயே நிற்கும். கீழே உள்ள குளிர்ந்த நீர் எளிதில் கலக்காது; மேலே வெப்பம் தங்கும். புயலுக்குத் தீனி அந்த வெப்பமே. 2023 டிசம்பரில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலும் வெதுவெதுப்பான வங்கக் கடலில் வளர்ந்ததுதான்.

● எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 2010, 2016 கோடைகளில் கடல் வழக்கத்தைவிடச் சூடேறியதால் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்தன.

● பழவேற்காடு ஏரியில் மழைக்காலத்தில் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால், கடலைவிட அதிகமாகக் கரிக்கும்.

● பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், நடுக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் மூலம் நீரின் சூட்டையும் உப்பையும் இரவுபகலாகக் கண்காணிக்கிறது. புயல் முன்னறிவிப்புக்கு அவை கைகொடுக்கின்றன.

● செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாறு வழியாகவும், திருவேற்காட்டைக் கடக்கும் வெள்ளம் கூவம் வழியாகவும் கடல் சேர்கின்றன. முகத்துவாரத்தில் உப்பைக் குறைப்பதில் நம் ஊர் மழைக்கும் பங்குண்டு. அந்த நீரோடு சாக்கடையும் பிளாஸ்டிக்கும் போகாமல் காப்பது நம் கடமை.