துரை வீட்டுப் பாட்டன், பெயரில்லாத பாட்டி

மூணாற்றின் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தை 1910-ல் கட்டத் தொடங்கினார்கள். ஆலயம் எழுவதற்கு முன்பே அதன் பக்கத்துக் குன்றில் கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. 1894 டிசம்பரில் காலராவில் இறந்த எலினர் இசபெல் மே நைட் என்ற துரைசானிதான் அங்கே முதலில் அடக்கம் செய்யப்பட்டவர். ஆலயத்துக்குள்ளே தோட்டத் துரைமாரின் நினைவாகப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கிய ஜான் டேனியல் மன்றோ, கிளாஸ்கோவிலிருந்து ஃபின்லே கம்பெனியை நடத்திய சர் ஜான் மியூர், 1897-ல் உருவான கண்ணன் தேவன் கம்பெனி என்று இந்த மலையின் ஸ்காட்லாந்துத் தொடர்பைத் தேடுகிறவருக்கு ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து கங்காணிகளின் பின்னால் மலையேறி, காட்டை அழித்துத் தேயிலை நட்ட தமிழ்ப் பெண்களைத் தேடினால் கதையே வேறு. அவர்கள் பெயர் பொறித்த பழைய கல் ஒன்றைக் கண்டுபிடிப்பதே அரிது. ஸ்காட்டிஷ் பூர்வீகத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கலப்புக் குடும்பங்களைப் பற்றிப் பேச இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பெருமை நியாயமானது என்பதே என் கட்சி. ஆனால் அது பாட்டனோடு நின்றுவிடக் கூடாது. அவருக்குப் பிள்ளை பெற்றுக்கொடுத்த பாட்டியையும் அதே வாயால், அதே குரலில் சொல்லத் தெரிந்தால்தான் அது முழுப் பெருமை.

கலப்பு என்பது ஏதோ ஒளிவுமறைவாக நடந்த விபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1687-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கும்படி சொன்னார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு பகோடா நாணயம் கொடுக்கவும் யோசனை சொன்னார்கள். கோட்டைக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. நூறு வருஷம் கழித்து அதே கம்பெனி திரும்பிக்கொண்டது. 1791-ல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் உயர் பதவிகள் மறுக்கப்பட்டன. நான்கு வருஷத்தில் படையிலும் ஏறத்தாழ எல்லாப் பதவிகளிலிருந்தும் விலக்கப்பட்டார்கள். அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் தகப்பனுக்குப் பெயர், குடும்பப் பெயர், உத்தியோகம் எல்லாம் முறையாக எழுதியிருக்கும். தாய் இருக்க வேண்டிய இடத்தில் பல பதிவுகளில் ‘உள்ளூர்ப் பெண்’ என்பதோடு சரி. குழந்தையைச் சுமந்து பெற்றவளுக்கு அந்தப் புத்தகத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான். சுதந்திர இந்தியாவும் இந்தக் கணக்கை மாற்றி எழுதவில்லை. ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 366(2)-ஆம் பிரிவு, தகப்பனோ ஆண்வழி முன்னோர் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ரத்தம் தாய்வழியில் மட்டும் வந்திருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது.

தேயிலை மலைகளில் இந்தக் கணக்கு எவ்வளவு கொடுமையாக முடிந்தது என்பதற்கு இமயமலை அடிவாரத்தில் தெளிவான சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரி ஜான் ஆண்டர்சன் கிரஹாம் 1900-ல் கலிம்போங்கில் ஒரு இல்லம் தொடங்கினார். தோட்டத் துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்கான இல்லம் அது. அங்கே வளர்ந்தவர்களில் சுமார் 130 பேர் 1908-லிருந்து 1938 வரை நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். டனீடன் போன்ற, ஸ்காட்லாந்துக்காரர்களே குடியேறி உருவாக்கிய ஊர்களில் இறங்கினார்கள். ஆண்பிள்ளைகள் பண்ணை வேலைக்கும் பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கும் போனார்கள். தகப்பன் நாட்டுச் சனங்களுக்கு நடுவே வாழ்ந்தும், தாங்கள் யார் என்பதை அவர்களில் பலர் சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. அப்படி வந்த ஒருவரின் பேத்தியான ஜேன் மெக்கேப் என்ற வரலாற்றாசிரியர் 2017-ல் இதை ஆய்வு நூலாக வெளியிட்டார். நம் பக்கத்திலும் இது புதிதல்ல. இலங்கை மலையகத்தில் துரைமாருக்கும் தோட்டத் தமிழ்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காக நுவரெலியாவில் பெயின்டர் இல்லம் நடந்தது. கலிம்போங்கில் கிரஹாமின் பெயர் இன்றும் பள்ளிக்கூடத்தின் பலகையில் இருக்கிறது. அவரிடம் பிள்ளையைக் கொடுத்துப் பிரிந்த தாய்மாருக்கு எந்தப் பலகையும் இல்லை.

பதிவேடு மறைத்ததை உடம்பு மறைக்காது. அபர்டீன்ஷயரைச் சேர்ந்த தியடோர் ஃபோர்ப்ஸ் சூரத்தில் கம்பெனி வணிகராக இருந்தார். அவரோடு வாழ்ந்த எலைசா கெவார்க் என்ற பெண்ணுக்குப் பிறந்த மகள் சிறுமியாக இருக்கும்போதே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டாள். எலைசா கடைசிவரை சூரத்திலேயே இருந்துவிட்டார். பிரிட்டனில் இருந்த சந்ததியினர் அவரை ஆர்மீனியப் பெண் என்றே சொல்லிவந்தார்கள். 2013-ல் அந்தத் தாய்வழியில் வந்த உறவினர்களின் மரபணுவைச் சோதித்தபோது, தெற்காசியாவில் மட்டுமே பரவலாகக் காணப்படும் தாய்வழிக் கூறு வெளிப்பட்டது. அந்த வழியில் வந்தவர்கள்தான் பிரிட்டிஷ் இளவரசி டயானாவும் அவர் மகன் இளவரசர் வில்லியமும். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும் மரபணு அது. சட்டம் தகப்பன்வழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இருநூறு வருஷமும் பெண்களின் உடம்பு இன்னொரு வழியைக் காப்பாற்றி வைத்திருந்தது என்பதை நினைத்தால் மனசு நெகிழ்கிறது.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு பலமானது. துரை எங்கே, கொழுந்து பறிக்கும் பெண் எங்கே? பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேரைப் பதிவதும் கூலியை வெட்டுவதும் துரையின் கையில் இருந்த இடத்தில், அந்த உறவில் அவள் சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. உண்மையான பாசத்தோடு நடந்த கல்யாணங்களும் உண்டு, கட்டாயமும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் நடந்த அநியாயத்துக்கான வெட்கத்தை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பாட்டியை மறைக்கிற குடும்பம் அந்த வெட்கத்தைப் பாட்டியின் மேல் ஏற்றுகிறது. தவறு செய்தவனின் பெயர் குடும்பப் பெயராக நிலைக்கிறது; பாதிக்கப்பட்டவள் காணாமல் போகிறாள். நம் ஊரில் இதற்குள் இன்னொரு மௌனமும் இருக்கிறது. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து அழைத்துவந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அப்படி ஒரு பாட்டியைக் கொண்ட குடும்பம் ஸ்காட்லாந்துப் பாட்டனைச் சொல்லிப் பாட்டியை விடும்போது, விடுவது பெரும்பாலும் அவளுடைய சாதியைத்தான். வெள்ளைக்காரன் போட்ட படிக்கட்டோடு நாம் போட்ட படிக்கட்டும் சேர்ந்தே அவளைக் கீழே தள்ளியது. அதனாலேயே அவள் பெயரைத் தேடி எடுப்பதை வெறும் குடும்ப விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இந்தப் பெருமை சலுகைக்கான பெருமை என்பது. அதிலும் உண்மை இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ரயில் ஓடத் தொடங்கிய பிறகு போத்தனூர் போன்ற ரயில்வே ஊர்களில் ஆங்கிலோ இந்தியருக்கு வேலை ஒதுக்கப்பட்டது. ஐரோப்பியப் பாட்டன் அங்கே ஒரு சான்றிதழாகவே பயன்பட்டார். ஆனால் அந்தச் சலுகைகள் போய்விட்டன. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடங்களும் 104-ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு முடிந்தன. ஆண்வழியை நிரூபித்து இனி எந்த நாற்காலியும் பெறப்போவதில்லை. தாய்வழியைச் சொன்னால் கையிலிருப்பது போய்விடுமே என்ற பயம் கடந்த தலைமுறைகளுக்கு இருந்தது. இன்றைய தலைமுறைக்கு அது தேவையில்லை.

மூணாற்றுக்குப் பழம்பெருமை தேடி வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். துரை பங்களாக்களில் தங்குகிறார்கள். நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தைப் பார்க்கிறார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்த கதையை ஆர்வத்தோடு கேட்கிறார்கள். அந்த ரயில் டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. பெட்டிக்குள் இருந்த தேயிலை யார் பறித்தது என்ற கேள்வி மட்டும் அந்தக் கதையில் வருவதில்லை. 2015 செப்டம்பரில் ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு மூணாற்று வீதியை அடைத்து உட்கார்ந்த பெண்கள் அந்தக் கேள்விக்குப் பதில். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடித் தொழிலாளர் லயங்களின் மேல் மலை சரிந்து இறந்த 70 பேரும் இந்த மலையின் பாரம்பரியத்தைச் சேர்ந்தவர்களே. கண்ணன் தேவன் மலையில் ஸ்காட்லாந்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதில் குறையாத பங்கு அவர்களுக்கும் உண்டு.

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்தின் பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இணையத்திலேயே தேடலாம், அதனால் ஐரோப்பியப் பாட்டனைக் கண்டுபிடிப்பது ஒரு மாலை நேர வேலையாகிவிட்டது. பாட்டியின் தடம் இருக்கக்கூடிய இடங்கள் தோட்டங்களின் பழைய செக்ரோல் எனும் வருகைப் புத்தகங்கள், கங்காணிகளின் கணக்குகள், தோட்டத்து ஆலயங்களின் தமிழ்ப் பதிவேடுகள். கம்பெனி அலுவலகங்களிலும் ஆலய அலமாரிகளிலும் மிஞ்சியிருக்கும் அந்தப் புத்தகங்கள், மூணாற்று மழைக்கும் ஈரத்துக்கும் இரையாகும் முன் படமெடுக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். கேரள அரசின் ஆவணக் காப்பகமும் தோட்டக் கம்பெனிகளும் திருச்சபையும் சேர்ந்தால் முடிகிற வேலை இது. ஸ்காட்லாந்து வம்சாவளியைத் தேடிப் பணம் செலவழிக்கத் தயாராக இருக்கும் குடும்பங்கள் முதலில் கேட்க வேண்டியதும் இந்தப் புத்தகங்களைத்தான்.