பிரௌன் பெட்டி

'பெட்டி' என்றதும் விடுதிக் கட்டிலடியில் கிடக்கும் தகரப் பெட்டியை எண்ணிவிட வேண்டா. எலிசபெத் என்னும் பெயரின் செல்லச் சுருக்கம் அது. பழைய ரொட்டியை வீணாக்காமல் ஆப்பிளோடு சேர்த்துச் சுடும் பழங்கால அமெரிக்கத் தின்பண்டமே பிரௌன் பெட்டி. 1864இல் யேல் கல்லூரி மாணவர் இதழ், உடற்பயிற்சியில் இருப்போர் விலக்க வேண்டியவற்றுள் தேநீர், காப்பியோடு இதையும் சேர்த்தது. அத்தனை ருசி என்று கொள்க!

சென்ற விடுமுறையில் வீட்டில் முதன்முதலாகச் செய்தபோது புது ரொட்டியை உதிர்த்துப் போட்டேன். கிடைத்தது கஞ்சி. தங்கை அதைக் கரண்டியால் ஊற்றியே காட்டினாள். பிழை எங்கே? ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு நீர்; சூட்டில் அது சாறாக வெளிப்படும். அதை உறிஞ்ச வேண்டிய ரொட்டியிலோ ஏற்கெனவே ஈரம்.

மறுமுறை ரொட்டியை நன்றாகக் காயவிட்டுத் தூளாக்கினேன். 2 கோப்பைத் தூளில் 75 கிராம் வெண்ணெயை உருக்கிப் பிசறி, அரைக் கோப்பைச் சர்க்கரையும் சிறிது பட்டைத்தூளும் கலந்தேன். 4 ஆப்பிள்களைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக்கினேன். நம் கடைச் சிவப்பு ஆப்பிளுக்குப் புளிப்புப் போதாது. அரை எலுமிச்சை பிழிந்தேன். தூளும் பழமுமாக அடுக்கி, மேலே தூளால் மூடினேன்.

180 டிகிரி சூட்டில் முதல் 25 நிமிடம் பாத்திரம் மூடியிருக்க வேண்டும். அடைபட்ட ஆவியே பழத்தை வேகவைக்கும். பின்னர் 20 நிமிடம் திறந்து வைக்க வேண்டும். ஈரம் போனாலன்றி மேற்பரப்பு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. தாண்டினால்தான், 1912இல் பிரெஞ்சு வேதியியலார் மயார் விவரித்த மாற்றம் விரைந்து நிகழ்ந்து, பொன்னிறமும் மணமும் வரும்.

இம்முறை தங்கை கரண்டியைத் தேடவில்லை. ஓரத்தில் ஒட்டிய முறுகலை விரலாலேயே சுரண்டினாள்.