புரட்டாதிச் சனியும் பூசணித் தோட்டமும்

செப்டம்பர் நடுப்பகுதி தாண்டினால் ரொறொன்ரோவின் சைவத் தமிழ் வீடுகளில் புரட்டாதி பிறந்துவிடும். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு, சனிக்கிழமை விரதம், மச்சம் இல்லாத சமையல். அதை ஒட்டி நவராத்திரி, பிறகு கேதாரகௌரி விரதம், தீபாவளி, கந்தசஷ்டி. நவம்பர் நடுப்பகுதி வரை அடுப்பில் மரக்கறிக்கே முதலிடம். ஒன்ராறியோ மாகாணத்தின் பெரிய அறுவடையும் இதே வாரங்களில்தான். பூசணி, கரட், பீற்றூட், முட்டைக்கோசு, லீக்ஸ், ஆப்பிள் எல்லாம் ஒன்றாகக் குவிகின்றன. மேப்பிள் மரங்கள் நிறம் மாறுவதும் அப்போதுதான்.

விரதமும் விளைச்சலும் இப்படிக் கூடிவருவது இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்த்த கொடை. ஆனால் பல வீடுகளில் இன்னமும் விரதச் சமையல் என்றால் விமானத்தில் வந்திறங்கிய முருங்கைக்காயும் வாடத் தொடங்கிய பயிற்றங்காயும்தான். அவற்றின் ருசியை யாரும் விட வேண்டாம். ஆனால் ஒரு மணி நேரம் கார் ஓடினால், அன்று காலை வரை மண்ணில் கிடந்த காயை நாமே எடுத்துவந்து சமைக்கலாம். அதற்குக் குடும்பத்தோடு, முக்கியமாக வீட்டில் இருக்கும் முதியவர்களோடு, போக வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

பூசணியின் சொந்த ஊர்

நம் சமையலில் பூசணிக்காய் அவ்வளவு ஊறிப்போனதால் அது நம் மண்ணின் காய் என்றே நினைக்கிறோம். உண்மையில் அது அமெரிக்கக் கண்டத்தின் பயிர். மெக்சிகோவின் வாஹாக்கா பகுதியில் உள்ள கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த பூசணி விதைகள் சுமார் 10,000 ஆண்டுகள் பழையவை. கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறித்தான் அது ஆசியாவுக்கு வந்தது.

ஒன்ராறியோவிலும் நியூயோர்க் மாநிலத்திலும் வாழ்ந்துவரும் ஹோடனோசோனி மக்கள் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து நடுவார்கள். மூன்று சகோதரிகள் என்று அவற்றை அழைப்பார்கள். சோளத்தண்டு அவரைக் கொடிக்குக் கொழுகொம்பாக நிற்கும். அவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும். சாப்பாட்டுக்கும் இதே பொருத்தம் உண்டு. சோளத்தின் புரதத்தில் லைசின் குறைவு. அவரை அதை ஈடுசெய்கிறது. சோற்றுக்குப் பருப்பு வைக்கும் நம் கணக்கும் இதேதான்.

தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவின் ஓரத்தில், ரூஜ் ஆற்றங்கரையில், 17ஆம் நூற்றாண்டில் செனகா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. செனகாக்கள் ஹோடனோசோனிக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். மூன்று சகோதரிகளை நட்டு வாழ்ந்தவர்கள். பீட் ஹில் எனப்படும் அந்த இடம் இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். ஆகவே ஸ்காபரோ அடுப்பொன்றில் பூசணிக்காய் வேகும்போது, அது தன் சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்து வேகிறது.

கடையில் எதை வாங்குவது? ஒக்டோபரில் வாசல்தோறும் முகம் செதுக்கி வைக்கும் பெரிய செம்மஞ்சள் பூசணி கறிக்கு உதவாது. நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும். சுரைக்காய் வடிவத்தில் வெளிர்மஞ்சளாக இருக்கும் பட்டர்நட்டை எடுங்கள். நம் ஊர்ப் பூசணிகளில் பல சேர்ந்திருக்கும் தாவர இனம்தான் அது. கரும்பச்சைத் தோலுள்ள கபோச்சா இன்னும் நல்லது. மாப்பிடிப்பாக இருக்கும், தோலையும் சேர்த்தே சமைக்கலாம்.

பால்கறிக்கு ஒரு கிலோ பூசணியைப் பெரிய துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், நாலு பல் உள்ளி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் போட்டு, காய் முக்கால்வாசி மூழ்கும் அளவுக்கு இரண்டாம் பால் விட்டு அவியவிடுங்கள். இதற்கிடையில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவையும் ஒரு மேசைக்கரண்டி அரிசியையும் பொன்னிறமாக வறுத்து, அரைத் தேக்கரண்டி கடுகோடு அரைத்துவையுங்கள். காய் வெந்ததும் அரைத்ததையும் அரைக் கோப்பை முதற்பாலையும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். அகப்பை போட்டுக் கிளற வேண்டாம், சட்டியைப் பிடித்துக் குலுக்கினால் போதும். காயின் இனிப்பும் கடுகின் காரமும் சேர்ந்து, குளிர் நாளில் சோறு இரண்டு மடங்கு இறங்கும்.

மூன்று சகோதரிகளையும் ஒரே சட்டியில் வைக்கலாம். நாஞ்சில் நாட்டு எரிசேரியைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சிவப்பு அவரை விதையை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென ஆகும்வரை அவியுங்கள். அரைவேக்காட்டில் அந்த விதை வயிற்றைக் கெடுக்கும். இதில் அவசரம் கூடாது. அதோடு பூசணித் துண்டுகளும் இரண்டு சோளக் கதிர்களின் மணிகளும் சேர்த்து வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்தால் முடிந்தது.

தோட்டத்தில் மதிப்புப் பெறும் முதியவர்கள்

ரொறொன்ரோவைச் சுற்றி நாமே பறித்து நிறுத்து வாங்கும் தோட்டங்கள் பல உண்டு. மக்கின்ரோஷ் ஆப்பிள் செப்டம்பர் நடுப்பகுதியில் தயாராகும். ஹனிகிறிஸ்ப் அதற்குச் சற்றுப் பின். புளிப்பேறிய நோர்தர்ன் ஸ்பை ஒக்டோபரில். மக்கின்ரோஷ் இந்த மாகாணத்தின் பிள்ளை. 1811இல் டண்டெலா என்ற ஊரில் ஜோன் மக்கின்ரோஷ் என்ற விவசாயி காட்டைத் துப்புரவாக்கும்போது கண்ட கன்றுகளில் ஒன்றே அதன் மூலமரம். உலகிலுள்ள மக்கின்ரோஷ் மரங்கள் அத்தனையும் ஒட்டுக்கட்டி அதன் வழி வந்தவை.

ஆப்பிளைப் பறிக்கும்போது கீழே இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கித் திருப்பினால் காம்போடு கையோடு வரும். இழுத்தால் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் முறிந்துவிடும். புளிப்பு ஆப்பிளை மாங்காய்க்குப் பதிலாகப் பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் போடலாம்.

இந்த இடத்தில்தான் முதியவர்களைக் கூட்டிச்செல்வதன் அருமை விளங்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தவர்கள் இன்று ஸ்காபரோ அடுக்குமாடிகளில் ஜன்னலோரம் இருக்கிறார்கள். பேருந்து எண் தொடங்கி மருத்துவரின் பேச்சு வரை எல்லாவற்றுக்கும் பேரப்பிள்ளைகளின் உதவி வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்குள் கால் வைத்ததும் நிலைமை மாறிவிடும். குனிந்து மண்ணைக் கிள்ளி ஈரம் பார்ப்பார்கள். பூசணியைத் தட்டி ஓசை கேட்பார்கள். தோலில் நகம் பதிந்தால் இன்னும் முற்றவில்லை என்பார்கள். "தம்பி, காம்போடை வெட்டு. காம்பு முறிஞ்சால் கன நாள் நில்லாது" என்று அம்மம்மா சொல்வது தோட்டக்கலைப் பாடப்புத்தகம் சொல்வதேதான்; காம்பு முறிந்த இடத்தால் அழுகல் உள்ளே இறங்கும். பிள்ளைகள் வாய் திறந்து பார்ப்பார்கள். அம்மம்மாவுக்கு இத்தனை தெரியும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரியவரும்.

முற்றிய பட்டர்நட்டை நிலவறையில் 10 முதல் 15 பாகை செல்சியஸ் குளிரில், ஈரமில்லாத மூலையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. குளிர்பெட்டிக்குள் முழுக்காயை வைக்க வேண்டாம். ஒரு நாள் போய்வந்தால் கந்தசஷ்டி வரைக்கும் காய் இருக்கும்.

இலை பார்க்கும் பயணம்

நாள் குறுகக் குறுக மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு அப்படி மறைந்திருந்ததல்ல. இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து அந்த நாட்களில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்த ஆண்டில் சிவப்பு கூடும்.

வடக்கே அல்கோன்குயின் பூங்காவில் செப்டம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும் மேப்பிள் உச்சத்தில் இருக்கும். 1893இல் உருவாக்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். வார இறுதிக்கான வாகன அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சிறு குழந்தைகளும் முழங்கால் வலிக்காரரும் உள்ள குடும்பம் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. ஸ்காபரோவை ஒட்டியே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 2015இல் நிறுவப்பட்டது, பரப்பு சுமார் 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் இல்லை. மரங்கள் இங்கே சிவப்பது ஒக்டோபர் நடுவில் தொடங்கித்தான். விஸ்டா பாதையின் பார்வை மேடையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். செப்டம்பரில் போனால், பூங்காவுக்கு வெளியே ஸ்காபரோவிலேயே உள்ள ஹைலண்ட் ஓடையில் சினூக் சால்மன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சலடித்து முட்டையிட ஏறிவருவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டை வழியிலுள்ள கடைகளில் தேடாதீர்கள். சூடு தாங்கும் பாத்திரத்தில் குழையல் சோறு கட்டிக்கொள்ளுங்கள். சோறு, பருப்பு, பூசணிப் பால்கறி, கீரை, கொஞ்சம் ஊறுகாய் எல்லாவற்றையும் அம்மா ஒன்றாகக் குழைத்து உருட்டி ஆளுக்கொரு கவளமாகக் கையில் வைக்கும் அந்தச் சோற்றுக்குக் கோப்பையும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பூங்கா வாங்கில் சுற்றி இருந்து கை நீட்டும்போது தொலைபேசியை யாரும் எடுக்க முடியாது என்பது கூடுதல் நன்மை.

உறைபனி தொட்ட மரக்கறி

நெடுஞ்சாலை 400இல் வடக்கே போனால், பிராட்போர்ட் அருகே இருபுறமும் கன்னங்கரிய மண் விரியும். அதுதான் ஹொலண்ட் மார்ஷ். சதுப்பு நிலமாகக் கிடந்ததை 1925க்கும் 1930க்கும் இடையில் கால்வாய் வெட்டி வடித்து விளைநிலமாக்கினார்கள். 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி அதை மீண்டும் நீரில் மூழ்கடித்தது. விவசாயிகள் விடவில்லை; நீரை இறைத்து நிலத்தை மீட்டார்கள். ஒன்ராறியோவின் கரட்டிலும் வெங்காயத்திலும் பெரும்பங்கு இன்று அங்கிருந்து வருகிறது.

ஒக்டோபர் கடைசியில் வாங்கும் கரட் ஓகஸ்ட் கரட்டைவிட இனிக்கும். குளிர் கூடும்போது கரட், முட்டைக்கோசு, கேல் போன்றவை தம்மிடமுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. செல்களிலுள்ள நீர் உறையாமல் அந்தச் சர்க்கரை காக்கிறது. செடி தன் உயிரைக் காக்கச் செய்வது நம் நாக்குக்கு இனிப்பாகிறது. எனவே கேல் பிடிக்காது என்பவர்கள் முதல் உறைபனி விழுந்த பிறகு ஒருமுறை வறை செய்து பார்க்க வேண்டும். நடு நரம்பை உருவி எடுத்துவிட்டு இலையை மயிரிழையாக அரியுங்கள். கடுகு, சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, கீரையும் மஞ்சளும் உப்பும் போட்டு நாலு நிமிடம் பிரட்டி, ஒரு பிடி தேங்காய்ப்பூ தூவி இறக்கி, அடுப்பை விட்டு எடுத்தபின் தேசிக்காய் பிழியுங்கள். பச்சை மாறாமல் இருக்கும். முருங்கையிலை வறை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் ருசி அந்நியமாகத் தோன்றாது.

காலம் குறுகியது

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுகிறோம். அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கே இருட்டு. பனி விழத் தொடங்கிவிட்டால் வழுக்கி விழும் பயத்தில் முதியவர்கள் ஏப்ரல் வரை வீட்டுக்குள்தான். மூட்டுவலியும் தனிமையும் சேர்ந்து அழுத்தும் அந்த நீண்ட மாதங்களுக்கு முன்னால் அவர்களுக்குக் கிடைக்கும் கடைசி நல்ல வாரங்கள் இவை. பிள்ளைகளுக்கும் அப்படித்தான். பாட்டன் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நடக்கிற வயது வெகு சீக்கிரம் கடந்துவிடும்.

கனடாவின் நன்றிகூறும் நாள் ஒக்டோபர் இரண்டாம் திங்கள். மூன்று நாள் விடுமுறை. அந்த விடுமுறையில் வரும் சனிக்கிழமையும் புரட்டாதிச் சனிதான். காலையில் கோயிலில் எள்விளக்கு ஏற்றிவிட்டு நேரே தோட்டத்துக்குப் போகலாம். போகும்போது அம்மம்மாவையோ அப்பப்பாவையோ காரின் முன்னிருக்கையில் இருத்துங்கள். குளிருக்கு மேல்சட்டையும் சேற்றுக்குச் சப்பாத்தும் மறக்க வேண்டாம். எந்தப் பூசணியை எடுப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். பேரப்பிள்ளைகள் காதில் விழும்படி கேளுங்கள்.