நகர வாடகை வீடும் நீண்ட வரிசையும்



தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு வீட்டு வாடகை என்பது பழக்கமில்லாத செலவு. வேலை இருக்கும்வரை லயத்து வீடு உண்டு; வேலை போனால் வீடும் போய்விடும். சீஃபீல்ட் தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயா நகரம் நிற்பதை நாம் அறிவோம். இன்றும் ஒரு தோட்டம் விற்கப்படப் போகிறது என்ற பேச்சு எழுந்தால், "டவுனுக்குப் போய் அரசாங்கப் பிளாட்டுக்கு மனுப்போட்டால் போகிறது, மாதம் 124 வெள்ளிதானே" என்று நம்மில் பலர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். 124 வெள்ளி என்பது மெய்தான். ஆனால், அது எப்போது கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

பி.பி.ஆர். என்று நாம் சொல்லும் மக்கள் வீடமைப்புத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் உருவெடுத்தது. நகரங்களில் இருந்த புறம்போக்குவாசிகளுக்கு மாற்றிடம் தருவது அதன் முதல் நோக்கம். ஆகையால் ஒரு புதிய கட்டடம் எழுந்தபோது, உடைக்கப்பட்ட குடிசைப் பகுதிகளின் மக்களே அதில் பெருமளவு குடியேறினார்கள். பட்டியலில் காத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது குறைவு.

அடுத்து, உள்ளே போனவர்கள் எளிதில் வெளியே வருவதில்லை. மூன்று படுக்கையறையோடு சுமார் 700 சதுர அடி வீடு. வெளியே தனியாரிடம் எடுத்தால் வாடகை பல மடங்கு. யார்தான் காலி செய்வார்கள்? பேச்சுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். 300 வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் ஆண்டுக்குப் பத்து வீடுகள் காலியாகின்றன. அதற்கு 200 பேர் காத்திருக்கிறார்கள் என்றால், கடைசி ஆளுக்கு இருபது ஆண்டு. அதிகாரிகள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. போதாக்குறைக்கு, தம் பெயரில் கிடைத்த வீட்டை மற்றவருக்கு அதிக வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வசிப்பவர்களும் உண்டு. அது குற்றம் மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் ஏழையின் வயிற்றில் அடிப்பதும் ஆகும்.

இந்த வரிசை பேருந்துக்கு நிற்கும் வரிசை போன்றதும் அன்று. முதலில் வந்தவருக்கே முதலில் என்பதில்லை. வருமானம், பிள்ளைகள், உடற்குறை, இருக்கும் வீட்டின் நிலை ஆகியவையும் பார்க்கப்படும்.

நமக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. கோலாலம்பூரில் மனுச் செய்பவர் அந்நகரில் வசிக்கவோ வேலை செய்யவோ வேண்டும். உள்நாட்டுத் தோட்டத்தில் இருந்துகொண்டு பெயர் பதிய முடியாது. லயத்தை விட்டு வந்த பிறகு மனுப்போட்டால், காத்திருக்கும் ஆண்டுகள் முழுவதும் தனியார் வாடகைதான். எனவே, ஏற்கெனவே நகரில் வேலை செய்யும் மகனோ மகளோ மணமானதும் மனுச் செய்துவிடுவது நல்லது. தோட்டம் மூடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மணமானதும் என்கிறோமே, கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதிக்குப் பிறகு நடந்த திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுப் பத்திரம் இல்லாமல் கணவன் மனைவி என்று மனுவில் காட்டுவது எப்படி? மனுதாரர் குடியுரிமை உள்ளவராகவும் இருக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் தங்கள் பெயரில் மனுச் செய்ய முடியாது. நீல அட்டை உள்ள பிள்ளையின் பெயரில்தான் செய்ய வேண்டும்.

இப்போது பெரும்பாலும் இணையம் வழியே மனுச் செய்யப்படுகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலைதான். ஆனால் முகவரியில் கவனம் வேண்டும். தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதத்தைக் கிராணி எடுத்து வைப்பார் என்று நம்பிப் பழைய முகவரியையே கொடுத்துவிடுகிறோம். தோட்டம் மூடிவிட்டால் ஆபீசும் இல்லை, கிராணியும் இல்லை. நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் திரும்பிப் போகும், பெயரும் அடிபடும். வீடு மாறினாலோ தொலைபேசி எண் மாறினாலோ அதே வாரத்தில் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மனு எண் உள்ள தாளைப் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.