போலீஸ் ஸ்டேஷன் போனால் கையில் என்ன காகிதம் இருக்கணும்?

சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர் கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் நிற்கும். அந்த நெரிசலில் செயினைப் பறிகொடுத்தவர், செல்போனைத் தொலைத்தவர் என்று நாலு பேராவது இருப்பார்கள். ஊருக்குள் என்றால் வேலித் தகராறு, சீட்டுப் பணம், அடிதடி. காரணம் எதுவானாலும் வக்கீல்களிடம் மக்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பதில்களைப் பார்ப்போம்.

"புகார் குடுத்தோம், ஒரு ரசீது தந்தாங்க. அது போதுமா அண்ணாச்சி?"

அது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்கு பதிவாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு. திருட்டு, வழிப்பறி போல போலீசார் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால், எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது.

3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய சட்டம் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும். பணம் எதுவும் கட்ட வேண்டாம். கேட்டு வாங்குங்கள்.

"ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். திரும்பவும் திருச்செந்தூர் போகணுமா?"

வேண்டாம். ஈரோட்டில் இருந்தால் ஈரோட்டு ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அங்கே பதிவாகிற 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' திருச்செந்தூருக்கு மாற்றப்படும். இணைய வழியிலும் தகவல் தரலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும்.

"ஸ்டேஷன்ல எடுக்கவே மாட்டேங்கிறாங்க. என்ன செய்ய?"

அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். அப்போது தபால் ரசீதும் புகார் நகலும்தான் உங்களுக்குக் கை கொடுக்கும். வாயால் சொல்லிவிட்டு வந்தவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது.

"விசாரணைக்கு வான்னு போன் வருது. போகணுமா?"

கைது தேவைப்படாத வழக்கில் ஒருவரை வரவழைக்க, 35(3) பிரிவின் கீழ் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் தர வேண்டும். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவுபடுத்தியது. நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள். அதன்படி நடந்துகொள்கிறவரைக் கைது செய்வதென்றால், காரணத்தை எழுதி வைத்த பிறகே செய்ய முடியும்.

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். தாங்களாக விரும்பினால் போகலாம்.

இன்னொன்று. வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று யாராவது மிரட்டினால், அது மோசடி. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. காலைத் துண்டித்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள்.

"கைது பண்ணிட்டாங்க. இனி என்ன?"

ஏன் கைது செய்கிறார்கள் என்பதை உடனே சொல்ல வேண்டும். வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில் நடுவரின் முன் அனுமதி பெற்று, பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் இல்லை. 2020 ஜூனில் பக்கத்துச் சாத்தான்குளத்தில் கைதான வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. போலீசார் மீதே கொலை வழக்குப் பதிவானது. டாக்டரிடம் கொண்டுபோகும்போதும் நடுவர் முன் நிற்கும்போதும் உடம்பில் வலியோ காயமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எழுத்தில் பதியச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"ஜாமீனுக்கு ஆள் இல்ல, காசும் இல்ல."

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை வசதியற்றவர் என்று கருதி, சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விடச் சட்டம் இடம் தருகிறது. மற்ற குற்றங்களில் ஜாமீன் தருவதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால், காவலில் இருப்பவர் ஜாமீன் கேட்டு வெளியே வர உரிமை உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள், அல்லது வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ஸ்டேஷனுக்குப் போகும்முன் புகாரை இரண்டு பிரதி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வரும்போது அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.