64 தறிகள், 7 பேர்!

பொழுது விடிந்ததும் ஆவடியை அடுத்த வெள்ளானூரைப் பாருங்கள். சாப்பாட்டுத் தூக்குடன் ஆண்களும் பெண்களும் பஸ்சுக்கு நிற்பார்கள். ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் அவர்களில் உண்டு.

தொழிலாளியிடம் எப்படி வேலை வாங்கினால் உற்பத்தி பெருகும்? அவர் மனமும் நிறையும்? இதை ஆராய்ந்து அறிஞர்கள் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால், அந்த யோசனைகளில் பல தொழிற்சாலை வாசலைத் தாண்டுவதில்லை. தாண்டினாலும் நிலைப்பதில்லை!

அப்படி ஒரு சம்பவம் நம் நாட்டிலேயே நடந்தது.

புதிய தறிகள்

ஆமதாபாத் நகரில் காலிகோ என்ற பெரிய நெசவாலை இருந்தது. 1952-ம் ஆண்டு அங்கே தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். பணம் செலவானது. உற்பத்தியோ உயரவில்லை!

1953-ம் ஆண்டு, லண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிலையத்தின் ஆராய்ச்சியாளர் ஏ.கே.ரைஸ் அங்கே வந்தார். வேலையைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு என்று கண்டார்.

மொத்தம் 224 தறிகள். 12 வகை வேலைகள். நெய்கிறவர் ஒருவர். எண்ணெய் விடுகிறவர் வேறொருவர். துணியைத் தூக்குகிறவர் இன்னொருவர். யாருக்கு யார் துணை என்பதே தெளிவாக இல்லை.

கூடி உழைத்தார்கள்

சிறு குழுவாகச் சேர்ந்து, சில தறிகளை முழுப் பொறுப்பில் ஏற்கலாமே என்றார் ரைஸ். தொழிலாளர்கள் அந்த யோசனையை ஆவலோடு பிடித்துக்கொண்டார்கள். யாரோடு யார் சேருவது என்று தாங்களே பேசி முடித்தார்கள். 64 தறிகளுக்கு 7 பேர்!

பலன் என்ன தெரியுமா? தறிகளின் வேலைத்திறன் நூற்றுக்கு 80-ல் இருந்து 95 ஆயிற்று. பழுதான துணி நூற்றுக்கு 32-ல் இருந்து 20 ஆகக் குறைந்தது.

பிறகு?

1970-ம் ஆண்டு எரிக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் அதே ஆலைக்குச் சென்றார். ஒரு பிரிவில் மட்டும் குழு முறை அப்படியே இருந்தது. பார்த்த மற்றப் பிரிவுகள் பழைய வழிக்குச் சரிந்திருந்தன!

இதில் அதிசயம் இல்லை. செடியை நட்டால் போதுமா? தண்ணீர் ஊற்ற வேண்டாமா? அவசரம் வந்தால் "நான் சொல்வதைச் செய்" என்று உத்தரவு போடுவது சுலபம். தொழிலாளியை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பதும், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதும்தான் கடினம்.

"இப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். யார் கேட்கிறார்கள்?" வேலை முடிந்து வந்த பிள்ளை இப்படி அலுத்துக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதுவும் ஓர் ஆராய்ச்சிதான்! அதைச் சொல்ல லண்டனில் இருந்து ஆள் வர வேண்டாம். மேலே இருப்பவர்கள் காது கொடுத்தால் போதும்.