காமலாபுரத்திலிருந்து துபாய்க்குப் பறக்க முடியுமா? தருமபுரிக்காரர்கள் போட வேண்டிய கணக்கு!

தருமபுரி நான்கு ரோட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கார் கிளம்புகிறது. பின்சீட்டில் அம்மா, அக்கா, அக்காவின் குழந்தை. டிக்கியில் புளியும் கேழ்வரகு மாவும் ஊறுகாயும் அடைத்த பெட்டிகள். துபாய் வேலைக்குப் போகும் மகனுக்கு விடிகாலை நான்கு மணிக்கு விமானம், கிளம்பும் இடம் பெங்களூரு. கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் ஊர்ந்து, பெங்களூரு நகரத்தை முழுசாகக் குறுக்கே கடந்து, ஹெப்பாளுக்கும் அப்பால் தேவனஹள்ளி போய்ச் சேர வேண்டும். மொத்தம் 160 கிலோமீட்டருக்கு மேல். வழியனுப்பிவிட்டுக் குடும்பம் வீடு திரும்பும்போது மறுநாள் வெயில் ஏறியிருக்கும்.

இதே கார் வடக்கே போகாமல் தெற்கே திரும்பினால்? தொப்பூர் கணவாயைத் தாண்டிய சிறிது நேரத்தில், ஓமலூருக்கு முன்பாகவே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு விமான நிலையம் இருக்கிறது. காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம்தான் அது. தருமபுரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். தருமபுரி மாவட்டத்துக்கென்று தனி விமான நிலையம் இல்லாததால், இதுதான் நமக்கு மிக அருகில் இருப்பது. ஆனால், அங்கிருந்து உள்நாட்டு விமானங்கள் மட்டுமே பறக்கின்றன.

‘அதைச் சர்வதேச விமான நிலையமாக்கிவிட்டால் என்ன?’ தருமபுரி, சேலம், நாமக்கல், கிருஷ்ணகிரி பக்கம் பல ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஆசைக்கும் நடைமுறைக்கும் இடையில் என்னென்ன நிற்கின்றன என்று பார்ப்போம்.

மூன்று முறை நின்ற விமானம்

காமலாபுரம் விமான நிலையம் திறக்கப்பட்டது 1993-இல். ஆரம்பத்தில் கொஞ்ச காலம் விமானம் வந்தது, பிறகு நின்றுபோனது. 2009-இல் கிங்ஃபிஷர் நிறுவனம் சென்னைக்குச் சேவை தொடங்கியது. 2011-இல் அதுவும் நின்றது. அதன்பின் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பயணிகள் விமானமே இல்லை.

சாமானியர்களும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்த ‘உடான்’ திட்டத்தில் சேலமும் இடம்பிடித்தது. 2018 மார்ச் 25-இல் ட்ரூஜெட் நிறுவனம் சென்னை - சேலம் விமானத்தைத் தொடங்கியது. உடான் திட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு உண்டு. அதனால் விமான நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்டும். ஆனால், இந்த உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். கொரோனா காலத் தடுமாற்றத்துக்குப் பிறகு, 2021-இல் ட்ரூஜெட்டும் நின்றது.

மறுபடியும் உயிர் வந்தது 2023 அக்டோபரில். அலையன்ஸ் ஏர், இண்டிகோ நிறுவனங்கள் பெங்களூரு, கொச்சி, ஐதராபாத், சென்னை நகரங்களுக்குச் சேலத்தை இணைத்தன.

இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது. கட்டடமும் ஓடுதளமும் இருந்தால் மட்டும் விமானம் வந்துவிடாது. வந்த விமானம் தொடர்ந்து வர, தினமும் இருக்கைகள் நிரம்ப வேண்டும்.

1,806 மீட்டரில் என்ன செய்யலாம்?

விமான நிலையத்தின் தகுதியை அளக்கும்போது நிபுணர்கள் முதலில் பார்ப்பது ஓடுதளத்தை. சேலத்தின் ஓடுதளம் 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். சுமார் 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது தாராளம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற, சுமார் 180 பேர் அமரும் ஏர்பஸ் ஏ-320 வகை விமானத்துக்கு இது போதாது. முழு எடையோடு கிளம்ப அதற்குச் சுமார் 2,100 மீட்டர் தேவை. அதுவும் கடல் மட்டத்தில், மிதமான வெப்பநிலையில் போட்ட கணக்கு.

காமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரமும் வெப்பமும் கூடக்கூடக் காற்று மெலியும். காற்று மெலிந்தால் விமானம் மேலெழும்ப இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். துபாய்க்கு நான்கு மணி நேரப் பயணம் என்பதால் எரிபொருள் எடையும் அதிகம். ஆகவே 2,100 மீட்டர் என்பதும் இங்கே போதுமானதாக இருக்காது.

நீளம் மட்டும் போதாது. இந்த வகை விமானங்களுக்கு வழக்கமாக 45 மீட்டர் அகல ஓடுதளம் வேண்டும். ஓடுதளத்தின் இரு முனையிலும் பாதுகாப்புக்காகக் காலி நிலம் வேண்டும். விமானம் நிறுத்த அகலமான தளம், பெரிய விமானத்துக்கு ஏற்ற தீயணைப்பு வசதி, இரவிலும் பனிமூட்டத்திலும் தரையிறங்க உதவும் விளக்குகளும் கருவிகளும் தேவை. பக்கத்து மலைகளின் உயரத்தைப் பார்த்து விமானம் இறங்கும் பாதையையும் வகுக்க வேண்டும்.

முத்திரை குத்துவது யார்?

ஓடுதளம் நீண்டுவிட்டால் அடுத்து அரசின் முத்திரை. வெளிநாட்டிலிருந்து பயணிகளும் சரக்கும் வந்திறங்க, 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி அந்த இடம் ‘சுங்க விமான நிலையம்’ என்று அறிவிக்கப்பட வேண்டும். பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் இமிகிரேஷன் அதிகாரிகளை மத்திய உள்துறை நியமிக்க வேண்டும். நோய்த் தடுப்பைக் கவனிக்க சுகாதார அதிகாரிகளும், செடி, விலங்குகள் மூலம் நோய் பரவாமல் பார்க்கத் தனிப்பிரிவும் வேண்டும். வாரத்துக்கு மூன்று விமானம் வந்தாலும் இத்தனை பேரும் பணியில் இருந்தாக வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. எந்த நாட்டு விமானம் இந்தியாவின் எந்தெந்த ஊர்களுக்கு வரலாம் என்பதை இரு நாட்டு ஒப்பந்தங்கள்தான் முடிவு செய்கின்றன. மதுரையைப் பாருங்கள். 2012 செப்டம்பரிலேயே கொழும்புக்கு விமானம் பறந்த ஊர் அது. ஆனாலும், பல நாடுகளுடனான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இல்லை என்பது தென்மாவட்டங்களின் நெடுநாள் குறை. இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆக, சேலத்தில் முதல் வெளிநாட்டு விமானம் இறங்குவதானால், அது ஓர் இந்திய நிறுவனத்துடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

150 கிலோமீட்டர் வட்டம்

பெங்களூரு விமான நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. அதை நடத்தும் நிறுவனத்துடன் மத்திய அரசு செய்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வான்வழியில் 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மைசூரு, ஹாசன் நீங்கலாக, வேறெந்த விமான நிலையத்தையும் 25 ஆண்டுகளுக்குச் சர்வதேச நிலையமாக்கக் கூடாது. அதாவது, 2033 வரை.

2024 ஜூன் மாதம், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓசூர் அந்த வட்டத்துக்குள் வருகிறது. காமலாபுரமோ நேர்க்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். வட்டத்துக்குச் சற்று வெளியே. அந்த வகையில் சேலத்துக்கு ஒரு தடை குறைவு. ஆனால், ஓசூரில் பெரிய நிலையம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பயணிகள் அங்கேதான் போவார்கள். அப்போது சேலத்துக்கு மிஞ்சுவது யார் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

ஆட்கள் இருக்கிறார்களா?

2011 கணக்கெடுப்பின்படி சேலம், தருமபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களின் மக்கள்தொகை சுமார் 86 லட்சம். கேட்கும்போது பெரிய எண்தான். ஆனால், மக்கள்தொகை வேறு, வெளிநாடு போகும் பயணிகள் வேறு.

எளிமையாக ஒரு கணக்கு. 180 இருக்கைகள் கொண்ட விமானம் வாரம் மூன்று நாள் துபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழியில் வாரம் 540 இருக்கைகள். அதில் முக்கால்வாசி நிரம்ப வாரம் 405 பேர், வருடத்துக்குச் சுமார் 21,000 பேர் போக வேண்டும். அதே அளவு திரும்பவும் வேண்டும். சீசனில் மட்டும் அல்ல, ஆடி மாதத்திலும்.

தருமபுரியிலிருந்து பிழைப்புத் தேடிப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ், ரயில் ஏறுகிறவர்கள். வெளிநாடு போகிறவர்களுக்கோ கோவையும் திருச்சியும் பெங்களூரும் ஏற்கெனவே இருக்கின்றன. சேலத்திலிருந்து திருச்சி 140 கிலோமீட்டர்தான். அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் நேரடியாகப் போகலாம். டிக்கெட்டில் சில ஆயிரம் ரூபாய் குறைந்தால், மூன்று மணி நேரம் கூடுதலாகக் காரில் போக நம் குடும்பங்கள் தயங்குவதில்லை. இதுதான் விமான நிறுவனங்களின் பெரிய பயம்.

இலங்கை சொல்லும் இரண்டு பாடங்கள்

பெரிதாகக் கட்டிவிட்டுக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் மத்தள விமான நிலையம் உதாரணம். 3,500 மீட்டர் ஓடுதளத்தோடு 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. பயணிகள் வரவில்லை. சரக்குக் கிடங்கில் நெல் மூட்டைகளைச் சேமித்துவைக்கும் நிலை வந்தது. ‘உலகின் ஆளில்லாத விமான நிலையம்’ என்ற பெயர்தான் மிஞ்சியது.

அதே நாட்டில் யாழ்ப்பாணம் வேறு வழியில் போனது. பலாலியில் இருந்த பழைய விமான தளத்தைச் சீரமைத்து, 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்தார்கள். சென்னையிலிருந்து அங்கே போனது அலையன்ஸ் ஏரின் சிறிய ஏ.டி.ஆர். விமானம். கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது; 2024-இல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இருபுறமும் உறவும் வியாபாரமும் இருந்ததால் சின்ன விமானமே போதுமானதாக இருந்தது.

சேலம் கவனிக்க வேண்டிய பாடம் இது. ஏ.டி.ஆர். செல்லும் தூரத்தில் இலங்கை இருக்கிறது. அதற்கு ஓடுதளத்தை நீட்டக்கூட வேண்டாம். சுங்கமும் இமிகிரேஷனும் இருந்தால் போதும். பயணிகள் இருக்கிறார்களா என்று முதலில் சிறிதாகச் சோதித்துப் பார்க்க அதுவே மலிவான வழி.

அந்த 570 ஏக்கர்

ஓடுதளத்தை 6,000 அடியிலிருந்து 8,000 அடியாக நீட்டுவதுதான் விரிவாக்கத் திட்டம். அதற்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கத் திட்டமிட்டபோது, 2018-இல் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். விமான நிலையம் வந்தபோதே ஒருமுறை நிலம் கொடுத்த பகுதி அது. கிணறும் தென்னையும் மாடு கட்டிய கொட்டகையும் இருக்கிற பூமி. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் சந்தை மதிப்புக்கு மேல் இழப்பீடு தருகிறது. அந்தப் பணத்தில் பக்கத்து ஊரில் அதே அளவு நிலம் வாங்க முடியுமா என்பதுதான் விவசாயியின் கேள்வி. விமான நிலையத்தைச் சுற்றி மனை விலை ஏறிவிட்ட பிறகு, அந்தக் கேள்விக்கு எளிதில் பதில் கிடைக்காது.

நம் மாம்பழமும் தக்காளியும் பூவும் வெளிநாடு போகும் என்பார்கள். போகலாம். ஆனால், சின்ன விமானத்தின் வயிற்றில் சரக்குக்கு இடம் குறைவு. மாம்பழத்தை ஏற்றுமதி செய்யப் பதப்படுத்தும் வசதியும் பரிசோதனைச் சான்றும் முதலில் வேண்டும். பாலக்கோடு தக்காளி விவசாயிக்கு இன்று அவசரத் தேவை, விலை சரியும் நாளில் விளைச்சலைப் பாதுகாக்க ஒரு குளிர்பதனக் கிடங்கு.

ஆகவே, ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நான்கு மாவட்டங்களிலிருந்து வருடத்துக்கு எத்தனை பேர், எந்த நாட்டுக்கு, எந்த விமான நிலையம் வழியாகப் போகிறார்கள்? எந்த விமான நிறுவனம் எத்தனை ஆண்டு வருவதாக எழுதிக் கொடுக்கிறது? ஓசூர் வந்தால் சேலத்தின் பங்கு என்ன? நிலம் கொடுப்பவருக்கு நிலமும் வேலையும் கிடைக்குமா?

இவற்றுக்குப் பதில் கிடைக்கும் வரை ஒரு நடைமுறை வழி இருக்கிறது. சேலத்தில் ஏறி, பெரிய நகரம் ஒன்றில் விமானம் மாறி, வெளிநாடு போகும்படி ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அந்த நஷ்டம் நம்முடையது.

இப்படிச் சேலத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு கணக்கில் பதிவாகிறார்கள். நாளைக்குக் காமலாபுரத்துக்குப் பெரிய விமானம் வரத்தான் வேண்டுமா, அதற்காகத் தும்பிப்பாடிக்காரர் தன் தென்னந்தோப்பைக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும். அதுவரை, நான்கு ரோட்டில் நிற்கும் கார் வடக்கேதான் கிளம்பும்.